மணற்பலகையிலிருந்து மின்திரை வரை

ஆண்டுதோறும் விசயதசமி நன்னாளில் கல்பாத்தி ஆற்றங்கரையை அடுத்த தெருக்களில் ஓர் இனிய காட்சியைக் காணலாம். தந்தையின் மடியில் அமர்ந்த குழந்தையின் சுட்டுவிரலைப் பற்றி, தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியின்மேல் முதல் எழுத்தை எழுதச் செய்கின்றனர். அதே குழந்தை சில ஆண்டுகள் கழிந்தபின், அதே சுட்டுவிரலால் கைப்பேசியின் திரையைத் தொட்டுப் பாடம் கேட்கிறது. அரிசிக்கும் திரைக்கும் இடையே நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழர்க்குரிய பங்கு சிறிதன்று. அதனை நம் காலனி அன்பர்களுக்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் முன்னோர் காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் காகிதம் இல்லை, கரும்பலகையும் இல்லை. பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகினர். கை திருந்தியபின் ஓலையும் எழுத்தாணியும் பெற்றனர். மூத்த மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். இம்முறை ஏழைமையின் அடையாளம் என்று இன்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் உலகம் அதனை அவ்வாறு கருதவில்லை.

1789 ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென ஏற்பட்ட விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார் ஏற்றார். ஒரு நாள் அவர் வெளியே சென்றபோது, ஒரு 'மலபார்ப் பள்ளி'யில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே அழைத்தனர் என்பதை இங்கே கருதுதல் வேண்டும். பெல் தம் பள்ளியிலும் மணலைப் பரப்பச் செய்தார். அங்கிருந்த துணையாசிரியர் அதற்கு இசையாது போகவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே கீழ்வகுப்புக்குக் கற்பிக்க அமர்த்தினார். அவன் செவ்வனே கற்பித்தான். 1797 இல் பெல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்று பெயர் பெற்ற அம்முறை, 1832 இல் அவர் மறைவதற்குள் 12,000 க்கு மேற்பட்ட பள்ளிகளில் பரவியிருந்தது. காகிதமும் ஆசிரியரும் போதாமல் திகைத்த நாடுகளுக்கு, நம் திண்ணைப் பள்ளியின் மணலும் சட்டாம்பிள்ளையும் வழிகாட்டினர்.

அச்சுக்கலையின் வரலாறும் நாம் வாழும் இம்மாநிலத்தோடு தொடர்புடையது. இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சாகிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூல் 1578 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளிவந்தது. அச்சிட்ட ஊர் சென்னையன்று, மதுரையுமன்று, இன்று கேரளத்தில் உள்ள கொல்லமே ஆகும். அன்றிக் அடிகளார் என்னும் போர்த்துகீசியப் பாதிரியார் மொழிபெயர்த்த 16 பக்கச் சிறுநூல் அது. புதிய கருவி எது தோன்றினும் அதனுள் தமிழ் விரைந்து புகுந்துவிடும் என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் அந்நூல் தோன்றியபின் அச்சு நூல் ஏழைப் பிள்ளையின் கையை அடைய முந்நூறு ஆண்டுகள் ஆயின என்பதையும் மறத்தலாகாது. கருவி வருவது ஒன்று. அது எல்லார்க்கும் எட்டுவது மற்றொன்று.

1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அதுகாறும் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்தோடு இணைந்தது. தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகளும் கேரளத்திலேயே நின்றன. அதே ஆண்டு அரசியலமைப்பில் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பெற்றது. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அதன் பொருள். சித்தூர் வட்டத்துச் சிற்றூர்களிலும் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் நடைபெறுவதற்கு இத்தகைய பாதுகாப்புகள் துணையாகும்.

இந்நிலையில் கணிப்பொறி பள்ளிக்குள் வந்தது. கேரள அரசு 2001 இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 2004 ஆம் ஆண்டு செப்டம்பர் 20 ஆம் நாள் கல்விக்கென்றே 'எடுசாட்' செயற்கைக்கோள் சிறீஅரிக்கோட்டையிலிருந்து ஏவப்பெற்றது. அதன் துணையால் அப்போது இயங்கிய 'விக்டர்ஸ்' கல்வி ஒளிபரப்பை 2005 சூலை 28 ஆம் நாள் திருவனந்தபுரத்தில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் தொடங்கி வைத்தார்கள். தமிழ்வழிப் பள்ளியில் பயின்று விண்வெளி அறிவியலில் உயர்ந்த ஒருவர் அதனைத் தொடங்கியது பொருத்தமே. 2017 இல் அத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2018 முதல் எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளில் மடிக்கணினியும் படவீழ்த்தியும் அமைக்கும் பணி தொடங்கியது. இப்பள்ளிகளில் கட்டணமில்லாக் கட்டற்ற மென்பொருள்களே பயன்படுகின்றன. அவற்றை யாரும் திருத்தித் தம் மொழிக்கு ஆக்கிக்கொள்ளலாம் என்பது சிறுபான்மை மொழியினர்க்குப் பெரும் நன்மை. 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் குழுவினர் கருவிகளைப் பேணி, பிறர்க்கும் கற்பிக்கின்றனர். பழைய சட்டாம்பிள்ளை புதிய உடையில் மீண்டும் வந்துவிட்டான் எனலாம்.

இக்கருவிகளுக்கு உண்மையான தேர்வு 2020 இல் வந்தது. கொள்ளை நோயால் பள்ளிகள் மூடப்பட்டிருக்க, சூன் முதல் நாள் 'பர்ஸ்ட் பெல்' என்னும் வகுப்புகள் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கின. மாநிலத்தில் ஏறத்தாழ 2.6 இலட்சம் பிள்ளைகளின் வீடுகளில் தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லை என்று அப்போது கணக்கிடப்பட்டது. நூலகங்களிலும் பொதுவிடங்களிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்து, அண்டை அயலார் அக்குறையைப் பெரிதும் தீர்த்தனர். தமிழ்வழி மாணவர்க்கும் தனியே பாடங்கள் ஆயத்தம் செய்யப்பெற்றன. ஆனால் அவை முதன்மையாக இணையத்தின் வழியே வந்தன. மலையாளப் பிள்ளைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி போதும். தமிழ்ப் பிள்ளைக்குக் கைப்பேசியும் அலைத்தொடர்பும் வேண்டும். மூணாற்று மலைத்தோட்டங்களிலோ அலைத்தொடர்பு எல்லா இடத்தும் கிட்டுவதில்லை. அது கிடைக்கும் மேட்டைத் தேடி நடந்த பிள்ளைகள் அங்கே உண்டு. இதனை யார்மீதும் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கருவி எல்லார்க்கும் பொதுவாக வரும்போது, சிறுபான்மையினர் அதனை இரண்டு படி கூடுதலாக ஏறியே அடைய வேண்டியிருக்கிறது என்னும் உண்மையையே சுட்டுகிறேன்.

அப்படிகளைக் கட்டித் தந்தோரும் பெரும்பாலும் புலம்பெயர்ந்த தமிழரே என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. சிங்கப்பூரில் ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி அவர்கள் 1995 இல் இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்கள் 1998 பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாடுகளிலும் உள்ள அன்பர்கள் ஊதியம் கருதாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினர். 2001 இல் தமிழக அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ளது. உயிரெழுத்து முதல் பட்டப்படிப்பு வரை அங்கே பாடங்கள் உண்டு. தாயகத்துக்கு வெளியே வாழும் தமிழர் பிள்ளைகளை எண்ணியே அது தோன்றியது.

இனி நம் காலனிக்கு வருவோம். நம் வீடுகளில் பேசுவது தமிழ். நம் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரிந்ததோ ஆங்கிலமும் மலையாளமும். இரண்டு ஆண்டுகட்கு முன் என் பழைய பெட்டியில் என் பாட்டனார் எழுதிய அஞ்சலட்டை ஒன்று கிடைத்தது. எட்டாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த என் மகனிடம் அதனைக் கொடுத்தேன். சிறிது நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்களே படித்துச் சொல்லுங்கள், அப்பா" என்று திருப்பித் தந்துவிட்டான். அவன்மீது எனக்குச் சினம் எழவில்லை. கற்பிக்காத குற்றம் என்னுடையது.

அன்றிரவே கைப்பேசியில் இணையக் கல்விக்கழகத்தின் மழலைப் பாடங்களைத் திறந்தோம். நாள்தோறும் அரைமணி நேரம் அவன் எழுத்துகளைக் கேட்டும் எழுதியும் பழகினான். திரை ஒலித்துக் காட்டிற்று; ஆனால் அவன் 'ழ'கரத்தைப் பிழையாகச் சொன்னபோது திருத்தியது திரையன்று, அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவன் தாய். நான்கு திங்களுக்குப் பின் அவ்வஞ்சலட்டையைத் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தான். அதில் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. மழை பெய்ததும், பசு கன்று ஈன்றதும், அடுத்த மாதம் வரச் சொன்னதுமே இருந்தன. ஆயினும் தான் பிறக்குமுன் மறைந்துபோன ஒருவரின் குரலை அவன் அன்று நேரே கேட்டான். அதைக் கல்லூரி காணாத எழுத்தராகிய நான் வேறு எவ்வகையில் அவனுக்கு அளித்திருக்க முடியும்?

ஆகவே அன்பர்களே, கருவி நம் வீட்டிலேயே இருக்கிறது. பாடம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. குறைவு நம் முயற்சி ஒன்றே. நம் சங்கத்தின் கூடத்தில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒரு திரையை வைத்து, எழுத்தறிந்த மூத்த பிள்ளைகள் இளையோர்க்குச் சட்டாம்பிள்ளைகளாக அமர்ந்தால் அதுவே போதும். மணலைக் கொண்டே உலகுக்குக் கற்பிக்கும் முறையை ஈந்த மரபு நம்முடையது. கையில் மின்திரை இருந்தும் நம் பிள்ளைகளைத் தமிழறியாதவராக விட்டோம் என்னும் பழி நமக்கு வேண்டா.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!