ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

ராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729 என்கிறார்கள். கணக்கு வாத்தியாராகவே காலம் தள்ளிய எனக்கு அவரோடு சேர்ந்து நினைவுக்கு வருவது 6746328388800. வாய்விட்டுச் சொன்னால், 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த அவருடைய ‘ஹைலி காம்போசிட் நம்பர்ஸ்’ கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களின் அட்டவணை அது. 12-க்கு ஆறு காரணிகள். அதற்குச் சிறிய எண் எதற்கும் நான்குக்கு மேல் கிடையாது. அப்படியே 24, 36, 48, 60 என்று நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் ஏறிப்போய், நான் சொன்ன எண்ணில் பட்டியல் முடிகிறது.

அதைப் பகா எண்களாகப் பிரித்துப் பாருங்கள். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. அடுக்குகள் படிக்கட்டுபோல இறங்குகின்றன. இந்த வகை எண்களில் அடுக்கு நடுவில் ஏறவே ஏறாது. 4, 36 இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண் ஒரே ஒருமுறைதான் வரும். இதை ராமானுஜன் நிறுவியிருக்கிறார். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2, அதாவது 10,080 காரணிகள்.

அடுத்தடுத்த எண்ணைக் கண்டுபிடிக்க அன்று நேர்வழி எதுவும் இல்லை; ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் சேர்த்தார். கையால் போட்ட அந்த நெடுங்கணக்கில் ஒரே ஓர் எண் விடுபட்டது: 293318625600. அதற்கு 5,040 காரணிகள். அதை 23-ஆல் பெருக்கினால் வருவது பட்டியலின் அதே கடைசி எண்! தாளில் பெருக்கி விடையைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. விடுபட்ட எண் பட்டியலின் கடைசி வரிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்த ஒன்று விட்டுப்போனதால் கட்டுரையின் பெருமை இம்மியும் குறையவில்லை.

நம் ஊரில் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவருக்கு, 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்குத்தான். அதுவும் முழுதாக அச்சேறவில்லை. போர்க்காலம்; சங்கம் பணமுடையில் இருந்தது; பின்பகுதியை நிறுத்திவிட்டார்கள். நிக்கோலா, ராபன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் குறிப்புகளோடு அதை வெளியிட 1997 ஆகிவிட்டது.

ஆசிரிய நண்பர்களே, காரணிகள் பாடம் நடத்தும்போது 1729-ஓடு நிறுத்திவிடாதீர்கள். 6746328388800-ஐக் கரும்பலகையில் எழுதி, 23-ஆல் வகுக்கச் சொல்லுங்கள்.