ஸ்பீக்கரில் "தும் தும்": ஒரு சின்ன வரலாறு

போன வாரம் பேரன் புது ஸ்பீக்கர் வாங்கி வந்து ஹாலில் வைத்தான். பாட்டைப் போட்டதுமே ஜன்னல் கண்ணாடி கடகடவென்றது. எனக்கு 1984 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருஷம் அரியர்ஸ் பணத்தில் ஒரு ஸ்டீரியோ செட் வாங்கினேன். இடத்தை அடைக்கக் கூடாதென்று இரண்டு பெட்டிகளையும் ஹாலின் இரண்டு மூலைகளில், சுவரை ஒட்டி வைத்தேன். பாஸ் திருகை முழுக்கத் திருப்பி, லவுட்னஸ் பொத்தானையும் அழுத்திவிட்டேன். கச்சேரி கேசட் போட்டால் மிருதங்கத்தின் தொப்பி வீடே அதிரக் கேட்கும். எனக்கு ஒரே பெருமை. அப்பா பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். "பாட்டு எங்கடா? இடிதான் கேக்குது" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்ப் பழைய ரேடியோவைப் போட்டுக்கொண்டார். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலத்தில் பாஸ் என்பது கிடைக்காத சரக்கு. குழாய் வைத்த கிராமபோனில் அடித்தொனி அநேகமாக வராது. 1925-ல் மைக் வைத்துப் பதிவு செய்த இசைத்தட்டுகள் வந்தன. அதே வருஷம் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் இன்றைய கூம்பு ஸ்பீக்கருக்கு வழி காட்டினார்கள். அடுத்து, பெல் ஆய்வுக்கூடத்தின் துராஸ், பெட்டியில் ஓட்டை போட்டுப் பாஸைக் கூட்டும் முறைக்கு 1932-ல் காப்புரிமை பெற்றார். காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் "பூம்" என்று வருமே, அதே தத்துவம்தான்.

ஓட்டையின் அளவு தப்பினால் ஒரே சுருதியில் "பூம்" என்று முழங்கும். வில்ச்சூர் என்ற அமெரிக்கர் 1954-ல் ஓட்டையே இல்லாமல் பெட்டியை மூடி, உள்ளிருக்கும் காற்றையே ஸ்பிரிங் ஆக்கினார். சின்னப் பெட்டியிலிருந்து சுத்தமான பாஸ் வந்தது. ஓட்டைப் பெட்டிக்குத் துல்லியமான கணக்கு சொன்னவர்கள் ஆஸ்திரேலியாவில் வேலை செய்தவர்கள்: 1961-ல் தீல், 1970-களில் ஸ்மால்.

லவுட்னஸ் பொத்தானுக்கும் ஒரு கதை உண்டு. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குப் பாஸ் சரியாகக் கேட்பதில்லை என்று 1933-லேயே ஃப்ளெச்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். அதை ஈடுகட்டத்தான் அந்தப் பொத்தான். ராத்திரி மெதுவாகக் கேட்பவர்களுக்கானது. நான் அதைப் பட்டப்பகலில், முழுச் சத்தத்தில் அழுத்தி வைத்திருந்தேன்!

பெட்டியைத் திருத்தினாலும் அறை என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு சுவரும் தரையும் சேரும் மூலை, பாஸை மட்டும் பெருக்கிக் கொடுக்கும். தவிர, 14 அடி நீள அறையில் 40 ஹெர்ட்ஸ் ஒலியும் அதன் இரட்டிப்பான 80 ஹெர்ட்ஸும் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மோதி மோதித் தங்கிவிடும். எங்கள் ஹால் ஏறக்குறைய அந்த நீளம்தான். திரைச்சீலை போட்டாலும் இந்த அடித்தொனி அடங்காது.

இதையெல்லாம் ரிட்டயர் ஆன பிறகுதான் படித்தேன். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. வயதானால் முதலில் மங்குவது உயர்ந்த தொனிகள். "ச", "த", "ப" போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அவைதான். பாஸ் மிஞ்சினால் மிச்சமிருப்பதையும் அது மூடிவிடும். அப்பாவுக்குக் காது மந்தம் என்பது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் கைவேலை. அவர் கடைசி வரை அந்த ஹாலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கவில்லை.

பேரனிடம் சொல்லிப் பெட்டிகளை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைத்தேன். ஓட்டையில் ஒரு பழைய காலுறையைச் சுருட்டி அடைத்தோம். பாஸ் திருகு நடுவுக்கு வந்தது. "தாத்தா, இப்ப பாட்டு வரி கேக்குது" என்றான்.

உங்கள் வீட்டில் யாராவது "பாட்டு எங்கே?" என்று கேட்டால், முதலில் பெட்டியை நகர்த்திப் பாருங்கள்.