செயங்கொண்டார்

செயங்கொண்டார் (11–12ஆம் நூற்றாண்டு): கலிங்கத்துப்பரணி பாடிய சோழர் அவைப் புலவர். ஊர் தீபங்குடி என்பர். முதலாம் குலோத்துங்கனின் (1070–1120) படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதே நூற்பொருள். போர் வெற்றியைப் பாடும் பரணி வகை நூல்களுள், முழுமையாகக் கிடைப்பவற்றில் பழமையானது இது. ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணி இதற்குப் பிந்தியது.

போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைத்துக் காளிக்குப் படைத்து உண்பது பரணி மரபு. தமிழில் பேய்களைக் கண்முன் நிறுத்தும் கலைக்கு முன்னோடி, சைவப் புலவர் காரைக்கால் அம்மையார். அவருடைய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் கலிங்கத்துப்பரணியைவிடப் பல நூற்றாண்டு முந்தியவை.

போர்க்கவிதைகள் எல்லாம் ஒரே நோக்குடையவை அல்ல. முதல் உலகப்போரில் மடிந்த ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் ஓவன் (1893–1918) சிப்பாயின் துயரைப் பாடினார். செயங்கொண்டார் பாடியது வேந்தனின் வெற்றியை. எனினும், களத்தில் கணவனைத் தேடி அலையும் பெண்களையும் காட்டியதால் அவர் வெறும் புகழ்ப்பாடகர் அல்லர். தமிழின் தலைசிறந்த போர்க்கவிஞர்.