படலையைத் திறந்துவிடுபவர்கள்

"பாதை மாறி வந்துவிட்டீர்களா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டது மரியாதையாகத்தான். இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில், ஈடேல் கிராமத்திலிருந்து ஹேஃபீல்டுக்கு மலையைக் கடந்து போகும் பாதை அது. ஜேக்கப்பின் ஏணி என்று பெயர் பெற்ற செங்குத்தான ஏற்றத்தைச் சைக்கிளை உருட்டியும் தூக்கியும் கடந்து, மேலே ஒரு படலையடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் கையில் நாய்ச் சங்கிலி. "இது நடப்பவர்களுடைய பாதை, சைக்கிளுக்கு அனுமதி இல்லை" என்றார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன். ஒரு மணித்தியாலம் ஏறிய மலை. ஆனாலும் திருப்பினேன். இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டுகளில், நீ இங்கே நிற்கலாமா என்று யார் கேட்டாலும் என் கை தானாகவே சட்டைப்பைக் கடதாசிகளைத் தேடும். கடதாசி எல்லாம் சரியாகிப் பல காலம் ஆகியும் அந்தக் கைப்பழக்கம் போகவில்லை.

அந்த நேரம் மேலேயிருந்து மூன்று பேர் சைக்கிளில் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். படலையைத் திறந்து பிடித்துக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டார். பிறகு தோள்பையிலிருந்து வரைபடத்தை எடுத்து, பச்சை நிறத்தில் நீண்ட கோடுகளாக ஓடிய பாதையை அந்த அம்மாவுக்குக் காட்டினார். சின்னக் கோடு என்றால் நடைபாதை, நீண்ட கோடு என்றால் குதிரைப் பாதை, குதிரைப் பாதையில் சைக்கிளும் போகலாம், 1968இலிருந்து. அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மா "அப்படியா, எனக்குத் தெரியாது" என்று சொல்லி நாயோடு நடந்தார். சண்டை ஏதும் இல்லை. மற்ற இருவரும் கடந்து போகும்வரை பெரியவர் படலையைப் பிடித்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "வழி அவர்களுக்குத்தான் முதலில் விட வேண்டும், அதுவும் அதே சட்டம்தான்" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார். பெயர்கூடக் கேட்கவில்லை.

1968இல் என்ன நடந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குப் பாதை வழக்கு என்றால் என்னவென்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கதியாலை அரை அடி தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோடேறிய குடும்பங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். ஒழுங்கை யாருக்குப் பொது, கிணற்றுக்குப் போகும் வழி எந்தக் காணிக்குள்ளால் போகிறது என்பதெல்லாம் உறுதியில் எழுதி வைத்தும் தீராத சங்கதிகள். இங்கிலாந்தின் கிராமப்புற வரலாறும் பெரும்பாலும் அதே வேலிச் சண்டைதான்; காணி மட்டும் கொஞ்சம் பெரிது. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களின் மூலமே பொது மேய்ச்சல் நிலங்கள் அடைக்கப்பட்டுத் தனியாரிடம் போயின. மலைமேட்டுப் புதர்நிலங்கள் கௌதாரி இனப் பறவைகளைச் சுடும் வேட்டைக் காடுகளாயின. வருடத்தில் சில நாட்கள் நடக்கும் வேட்டைக்காக மிச்ச நாட்களெல்லாம் காவல்.

சைக்கிள் இந்தக் கதைக்குள் வருவது ஒரு வெற்றியோடு. 1888இன் உள்ளூராட்சிச் சட்டம் சைக்கிளையும் ஒரு வண்டி என்று அறிவித்தது. அதனால் வண்டி போகும் தெருவிலெல்லாம் சைக்கிள் போகலாம் என்றாயிற்று. மற்றவர்களை முந்திப் போகும்போது மணி அடித்தோ வேறு விதமாகவோ எச்சரிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. ஆனால் வண்டி என்று பெயர் வாங்கியதிலேயே ஒரு சிக்கல் இருந்தது. குதிரைப் பாதை ஆளுக்கும் குதிரைக்கும் உரியது, வண்டிக்கு உரியதல்ல. தெருவைத் திறந்துவிட்ட அதே சொல் மலைப்பாதையை அடைத்துவிட்டது. அடுத்த எண்பது ஆண்டுகள் இந்த நிலைதான்.

அந்த எண்பது ஆண்டுகளில் சைக்கிள்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1894இல் பர்மிங்ஹாமில் 'கிளாரியன்' சைக்கிள் கழகம் தொடங்கியது. றொபேட் பிளட்ச்ஃபோர்ட் நடத்திய 'கிளாரியன்' என்ற சோசலிச வார இதழின் வாசகர்கள் தொடங்கியது அது. ஞாயிறு வந்தால் ஆலை நகரங்களிலிருந்து கிராமங்களுக்குச் சைக்கிளில் போய்த் துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள். வழியில் இன்னொரு கழகக்காரரைக் கண்டால் ஒருவர் "பூட்ஸ்!" என்று கூப்பிட, மற்றவர் "ஸ்பர்ஸ்!" என்று பதில் சொல்ல வேண்டும். சப்பாத்தும் குதிமுள்ளும்! ஊரில் இயக்கக் காலத்துச் சங்கேதச் சொற்கள் தெரிந்த எங்களுக்கு இது வெறும் விளையாட்டாகவே தெரியும். ஆனால் நான்கு சுவருக்குள் பத்து மணித்தியாலம் வேலை செய்தவன், அறியாத ஒரு வயல்வெளியில் தன்னைப் போல ஒருவனைக் கண்டு குரல் கொடுப்பதன் சந்தோசத்தை நான் குறைத்து எடைபோட மாட்டேன். 'கிளாரியன்' பெயரில் எழுந்த தேநீர் மண்டபங்களில் ஒன்று, 1912இல் கட்டியது, லங்காஷயரில் றஃப்லீ அருகே இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கிறது.

இனி ஹேஃபீல்ட். 1932 ஏப்ரல் 24. கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்துக்குள் சில நூறு தொழிலாளர் அனுமதியின்றிக் கூட்டமாக ஏறிய நாள். பிரித்தானியாவில் நடப்பவர்களின் உரிமை பற்றிப் பேசும் எல்லோரும் இந்த நாளைச் சொல்லுவார்கள். அதை முன்னின்று நடத்திய பென்னி றொத்மன் ருமேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தின் பிள்ளை, வயது 20. மன்செஸ்ரர் ரயில் நிலையத்தில் பொலிஸ் காத்து நிற்கும் என்று தெரிந்து, அவரும் ஒரு நண்பரும் ஹேஃபீல்டுக்குச் சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். பௌடன் பிரிட்ஜ் கற்குவாரியில் நின்று பேசிவிட்டுக் கூட்டத்தோடு மேலே ஏறினார்கள். வேட்டைக் காவலாளிகளோடு கைகலப்பு. டார்பி நீதிமன்றத்தில் ஐந்து பேருக்குச் சிறை, றொத்மனுக்கு நான்கு மாதம். அந்தக் குவாரி இப்போது கார் தரிப்பிடம், சுவரில் ஒரு நினைவுப் பலகை. மலைச்சைக்கிள்காரர்கள் சக்கரம் பூட்டிக் காற்றடிக்கும் இடமும் அதுதான். நான் அந்தப் பலகைக்குக் கீழே பல தடவை குந்தியிருந்து ரியூப் மாற்றியிருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தது, படலையடிச் சம்பவத்துக்குப் பிறகுதான்.

2002இல், எழுபதாவது ஆண்டு நினைவில், டெவன்ஷயர் கோமகன் தன் பாட்டனார் காலத்துச் செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். றொத்மன் அதே ஆண்டு தொடக்கத்தில் இறந்துபோயிருந்தார். 2000இல் வந்த சட்டம் கிண்டர் போன்ற மேட்டுநிலங்களில் யாரும் காலாற நடக்கலாம் என்றது. நடக்கலாம், சைக்கிள் ஓட்ட முடியாது. சைக்கிளில் வந்த ஒருவர் பிடிபட்டுச் சிறைபோன மண் அது. ஸ்கொட்லாந்தில் 2003இன் சட்டம் பொறுப்போடு சைக்கிள் ஓட்டவும் இடம் தருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இன்னும் பச்சைக் கோட்டைப் பார்த்துத்தான் போக வேண்டும். நடப்பவர்களுக்குக் கிடைத்ததைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஈரமான முற்றா நிலக்கரி மண்ணில் சக்கரம் என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த வேறுபாட்டுக்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் மண் மட்டுமே என்று நான் நம்பவில்லை.

மலைச்சைக்கிளின் பிறப்பு என்றால் எல்லோரும் கலிபோர்னியாவைச் சொல்வார்கள். மரின் கவுன்ரியில் 1976 ஒக்ரோபர் 21இல் நடந்த 'றீபாக்' இறக்கப் போட்டி, பழைய தடித்த ரயர் சைக்கிள்கள், ஒரு தடவை இறங்கினாலே எரிந்துபோய் மறுபடி கிறீஸ் அடைக்க வேண்டிய பின்சக்கரக் குடம், ஜோ பிறீஸ், காரி ஃபிஷர், சார்லி கெலி. உண்மைதான், இன்று நாங்கள் ஓட்டும் சைக்கிள் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் பாதைகளுக்கு நாங்கள் ஏறிய பழக்கம் அதைவிடப் பழையது.

1919 மார்ச்சில், உலகப்போர் முடிந்து நான்கு மாதத்தில், லிவர்பூல்காரரான டபிள்யு. எம். றொபின்சன் நண்பர்களோடு வடவேல்ஸின் பெர்வின் மலைகளைப் பனிக்குள்ளால் சைக்கிளோடு கடந்தார். மே மாதம் 'சைக்ளிங்' இதழில் அதை எழுதினார். 'வழிப்போக்கன்' என்று பொருள்படும் 'வேஃபேரர்' என்பது அவரது புனைபெயர். பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாய்வதற்குச் சிப்பாய்கள் சொன்ன சொற்றொடரைத்தான் தலைப்பாக வைத்தார். அந்தத் தலைப்பை 1919இல் வாசித்தவர்களுக்கு அது எப்படி ஒலித்திருக்கும் என்று, போரிலிருந்து வந்தவன் என்பதால் எனக்கு ஓரளவு ஊகிக்க முடிகிறது. அதே சொல்லால் ஒருவர் பனிமலையில் சைக்கிள் தள்ளிய கதை சொல்கிறார். பிறகு பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய் ஒளிப்பட வில்லைகள் காட்டிப் பேசினார். மண்டபங்கள் நிறைந்தன.

அவர் விதைத்தது 1955 மேயில் முளைத்தது. இதழில் வந்த ஒரு வாசகர் கடிதத்தைப் பின்பற்றி, ஏறத்தாழ நாற்பது பேர் ஹெரஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்ரர் நகரத்து 'கறுப்பு அன்னம்' மதுச்சாலையில் கூடி 'றஃப் ஸ்ரஃப் ஃபெலோஷிப்' என்ற கழகத்தைத் தொடங்கினார்கள். கரடுமுரடான வழிகளின் தோழமை என்று சொல்லலாம். உலகத்தில் தெரு விலத்திச் சைக்கிள் ஓட்டுபவர்களின் ஆகப் பழைய கழகம் என்று அதைச் சொல்கிறார்கள். அவர்களது படங்களைப் பார்த்திருக்கிறேன். 2019இல் தொகுத்து நூலாகவே வந்தது. கழுத்துப்பட்டி கட்டிய ஆண்கள், கம்பளிச் சட்டை போட்ட பெண்கள், தோளில் சைக்கிள், கல்லுக்குப் பின்னால் அடுப்பு மூட்டித் தேநீர். போட்டியில்லை, நேரக் கணக்கில்லை. 1958இல் இவர்களில் சிலர் ஐஸ்லாந்தின் நடுப் பாலைவனத்தையே சைக்கிளில் கடந்தார்கள். மற்றப்படி, எந்தப் பாதை போகக்கூடியது, எந்தப் படலை பூட்டியிருக்கிறது என்று தங்கள் சஞ்சிகையில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் போன குதிரைப் பாதைகளில் ஏறி ஓட்டும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

அதே 1950களில்தான் இன்னொரு வேலையும் நடந்தது. இதை நான் அறிந்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். 1949இன் தேசியப் பூங்காச் சட்டம், ஒவ்வொரு கவுன்ரியும் தன் பொதுப்பாதைகளை வரைபடமாக்க வேண்டும் என்றது. அதற்கு ஊர்ச்சபைகள் போய்ப் பாதைகளைப் பார்த்து எழுதிக் கொடுத்தன. பழைய ஆவணம் இருந்தால் ஆவணம். இல்லாவிட்டால் ஊராரின் ஞாபகம். இந்த வழியால் குதிரை போனதை யாராவது சொன்னால் குதிரைப் பாதை. சொல்ல ஆளில்லாவிட்டால் வெறும் நடைபாதை. ஒரே பாதை ஊர் எல்லையில் குதிரைப் பாதையாக இருந்து நடைபாதையாக மாறும் விசித்திரங்கள் இப்படி வந்தவைதான். ஈடேல் பாதையில் அந்தக் காலத்தில் பொதிகுதிரைகள் போனது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஜேக்கப் என்ற உழவர் படி வெட்டியதாலேயே ஏணிக்கு அந்தப் பெயர். அதனால் அது தப்பியது. இங்கிலாந்தின் பொதுப்பாதைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கில்தான் இன்று சைக்கிள் போகலாம். மிச்சத்தில் எத்தனை, சாட்சி சொல்ல ஆளில்லாமல் போனவை என்று நினைத்துக்கொள்வேன். உறுதி தொலைந்த காணிக்குச் சாட்சி தேடி அலைந்த எங்கள் ஆட்களுக்கு இது புரியும்.

பிறகு 1968. கிராமப்புறச் சட்டம், 30ஆம் பிரிவு. குதிரைப் பாதையில் யாரும் சைக்கிள் ஓட்டலாம். நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும். அந்தப் பாதையைச் சைக்கிளுக்கு வசதியாக வைத்திருக்கும் கடமை யாருக்கும் இல்லை என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. தந்த கையோடு ஒரு பிடி பிடித்திருக்கிறார்கள்! மலைச்சைக்கிள் என்ற பொருளே இல்லாத காலத்தில் எழுதிய சில வரிகள். எட்டு ஆண்டுக்குப் பிறகு கலிபோர்னியாவில் பிறந்த ஒரு வண்டி இங்கே வந்து இறங்கியபோது, அதற்குப் பாதை ஏற்கனவே திறந்திருந்தது.

போன கோடையில் பெர்வின் மலைக்குப் போனேன். கணவாயின் உச்சியில், ஏறத்தாழ 580 மீற்றர் உயரத்தில், வேஃபேரருக்கு 1957இல் வைத்த நினைவுக்கல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் வருபவர்கள் எழுதும் கொப்பி. காற்று அடித்தபடி இருந்தது. பக்கங்களைப் புரட்டினேன். மழை, முகில், பங்சர், இரண்டாவது தடவை, அப்பாவின் சாம்பலோடு வந்தோம், சங்கிலி அறுந்தது. எங்கோ ஒரு ஜெர்மன் வசனம். நான் திகதி போட்டு, பெயரைத் தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்தில் "கிழக்கிலிருந்து ஏறினேன், கடைசிப் படலை சரியாகப் பூட்டவில்லை, கவனம்" என்று எழுதினேன்.

எழுதி முடிக்கும்போது மேற்கிலிருந்து இரண்டு பெண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தார்கள். பேனையைக் கொடுத்தேன். அந்தப் பக்கம் இறக்கம் காய்ந்திருக்கிறதா என்று ஒருத்தி கேட்டாள்.

"முதல் அரை மைல் சேறு" என்றேன். "பிறகு பரவாயில்லை."