சவ்வாது மலையில் ஒரு கூடை வளையம்

நடுகற்களைத் தேடிச் சவ்வாது மலைக்குச் சென்ற நாம், ஜமுனாமரத்தூர் அருகே ஒரு பள்ளித் திடலில் வலையறுந்த கூடைப்பந்து வளையமொன்றைக் கண்டு நின்றுவிட்டோம். இம்மலைக்கு இவ்விளையாட்டு எவ்வழியே வந்தது?

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இதை உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1898 முதல் 1907 வரை கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியளித்தார். வென்றவை 55, தோற்றவை 60! அங்கே வெற்றியை விடத் தோல்வி மிகுந்த பயிற்சியாளர் இன்றுவரை அவர் ஒருவரே.

சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக், 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவி, 1943இல் மறையும்வரை அதனை நடத்தினார். 1924ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கிற்கு அவர் இந்திய அணியை அழைத்துச் சென்றதையே பலரும் எழுதுவர். அவர் ஆட்டக்காரர்களை விட மிகுதியாக ஆசிரியர்களையே உருவாக்கினார் என்பதே நமக்குப் பெரிதாகப் படுகிறது. 'டிரில் மாஸ்டர்' என்று மாணவப் பருவத்தில் நாம் நகைத்தோமே (ஆம், நாமுந்தான்), அவர்களின் மரபு அங்கே வேர்விட்டது.

அத்திடலின் உடற்கல்வி ஆசிரியரிடம், எத்தனை போட்டிகளில் வென்றீர்கள் என்று கேட்க நாவெழுந்தது; கேட்கவில்லை. அவர் வளையத்தின் உயரத்தை அளந்துகொண்டிருந்தார். பத்தடி. நெய்ஸ்மித் மாடத்தில் பழக்கூடையை அறைந்த அதே உயரம்.