ஹவானா நகரத்துக் கீரைப் பாத்திகள்



வரலாறு என்றவுடன் முடிசூட்டு விழாக்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. நானும் என் பணிக்காலம் முழுவதும் மாணவர்களுக்கு வரலாற்றை அவ்வாறே போதித்து வந்தேன். ஒரு நாட்டின் வரலாற்றை அதன் காய்கறிப் பாத்திகளைக் கொண்டும் சொல்லலாம் என்பதை ஓய்வு பெற்ற பின்னரே உணர்ந்தேன். அவ்வுணர்வு எழுந்ததற்கு என் சொந்த வாழ்வில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம்; அதை முதலில் கூறிவிடுகிறேன்.

மதுரையில் நான் ஆசிரியராக இருந்த ஒரு பள்ளியின் பின்புறத்தில் கல்லும் முள்ளும் நிறைந்த ஒரு துண்டு நிலம் கிடந்தது. மாணவர்களைக் கொண்டு அதைத் திருத்தினோம். பிள்ளைகள் கைகழுவும் நீரை வாய்க்கால் வெட்டி அங்கே திருப்பினோம். தண்டுக்கீரை, வெண்டை, கத்தரி, ஓர் ஓரத்தில் முருங்கை என்று எட்டு ஆண்டுகள் பயிர் செய்தோம். விளைந்தவை மதிய உணவுக்கு உதவின. ஒரு கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பியபோது, பாத்திகள் இருந்த இடத்தில் வண்டிகள் நிறுத்தும் கொட்டகை நின்றது. எவரும் எங்களைக் கேட்கவில்லை. நானும் எவரையும் கேட்கவில்லை. பாத்திகள் எங்களுடையவை, நிலம் எங்களுடையதன்று. இதை எண்ணி எண்ணிப் பார்த்ததன் பயனாகவே, கடல் கடந்த ஒரு நகரத்தின் கதையில் என் மனம் சென்றது. கரிபியக் கடலிலுள்ள கியூபா தீவின் தலைநகரான ஹவானாவே அந்நகரம்.

கியூபா கரும்பு விளையும் நாடு. 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு அதன் சர்க்கரையைச் சோவியத் நாடு நல்ல விலை கொடுத்து வாங்கிற்று. அதற்கு ஈடாக எண்ணெய், தானியம், உரம், பூச்சிமருந்து, உழவு இயந்திரம் ஆகியவை கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பரந்த அரசுப் பண்ணைகளில் இயந்திரங்கள் உழுதன. ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள் வாழ்ந்த ஹவானா, தன் உணவு எங்கிருந்து வருகிறது என்று கவலைப்பட வேண்டிய தேவையே இல்லாதிருந்தது. ஒரே பயிரையும் ஒரே வாணிகத் துணையையும் நம்பி வாழ்வதிலுள்ள அபாயம் கப்பல்கள் வந்துகொண்டிருக்கும் வரை கண்ணுக்குத் தெரிவதில்லை.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. கப்பல்கள் அருகின. அமெரிக்காவின் வாணிகத் தடையோ முன்னரே இருந்தது. எண்ணெயின்றி உழவு இயந்திரங்கள் வயலிலேயே நின்றன. எருதுகள் மீண்டும் நுகத்தில் பூட்டப்பட்டன. பேருந்துகள் குறைந்தன, சீனாவிலிருந்து தருவித்த மிதிவண்டிகளில் மக்கள் வேலைக்குச் சென்றனர். நாட்டின் மொத்த உற்பத்தி சில ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நாட்டுப்புறத்தில் விளைந்ததையும் நகரத்துக்குக் கொண்டுவர வண்டியில்லை. வந்ததைக் குளிர்பதனத்தில் வைக்க மின்சாரமில்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். 1992, 1993 ஆண்டுகளில் கியூபாவில் ஒரு விந்தையான கண்நோய் பரவிற்று. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பார்வை மங்கிற்று, சிலருக்குக் கைகால்கள் மரத்தன. மருத்துவர்கள் ஆராய்ந்து, சத்துக் குறைவே இதன் பெருங்காரணம் என்றும், புகைப்பழக்கம் முதலியன அதற்குத் துணைநின்றன என்றும் கருதினர். நாட்டு மக்கள் அனைவருக்கும் உயிர்ச்சத்து மாத்திரைகளை அரசு வழங்கிற்று. பசி என்பது வயிற்றோடு நிற்பதன்று; கண்ணின் ஒளியையும் அது கொண்டுபோகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இந்நிலையில் ஹவானா மக்கள் மண்வெட்டியைக் கையில் எடுத்தனர். இடிந்த வீடுகளின் மனைகளும், குப்பை கொட்டிய வெளிகளும், வீட்டுக் கொல்லைகளும் பயிர்நிலங்களாயின. ஆயின் நகரத்து மண் நல்ல மண்ணன்று. செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்தது. ஆகவே, செங்கல்லையோ பலகையையோ உடைந்த ஓட்டையோ கொண்டு தரைமேல் நீண்ட தொட்டிகளைப் போன்ற வரப்புகள் கட்டி, அவற்றுள் மட்கிய எருவும் மண்ணும் கலந்து நிரப்பிப் பயிரிட்டனர். இவ்வகைத் தோட்டங்களுக்கு ‘ஆர்கனோபோனிக்கோ’ என்று பெயர். மண்புழுக்களை வளர்த்து எருவாக்கினர். பூச்சிமருந்து வாங்கப் பணமில்லாமையால், பாத்திகளின் ஓரங்களில் சோளத்தையும் சாமந்தி வகைகளையும் அரணாக வைத்தனர். புகையிலைக் கழிவைப் பயன்படுத்தினர். நம் நாட்டு வேம்பும் அங்கே நடப்பெற்று, அதன் விதையும் எண்ணெயும் பூச்சிவிரட்டியாகப் பயன்பட்டன. நம் பாட்டிமார் தானியக் குதிரில் வேப்பிலை போட்ட அறிவு, வேறொரு கடற்கரையில் ஒரு நகரத்தின் கீரையைக் காத்தது என்று எண்ணும்போது உவகை உண்டாகிறது.

எனினும், மக்களின் உழைப்பு ஒன்றே இதனைச் செய்துவிட்டது என்று நாம் முடிவு கட்டலாகாது. உழைப்பு எங்கள் பள்ளித் தோட்டத்திலும் இருந்தது. ஹவானாவில் அதனோடு வேறிரண்டும் சேர்ந்தன.

முதலாவது, நிலத்தின் மீது உரிமை. சும்மா கிடந்த மனைகளைப் பயிர் செய்ய முன்வந்தவர்களுக்கு, வாடகையின்றி அனுபோக உரிமையோடு அரசு கொடுத்தது. விற்க முடியாது, ஆனால் பயிர் செய்யும் வரையில் அது அவர்களுடையது. 1994இல் நகர வேளாண்மைக்கென்றே ஹவானாவில் ஒரு தனித்துறை ஏற்பட்டது. விதையும் கருவியும் விற்று, பயிர் நோய்க்கு யோசனையும் சொல்லும் சிறு கடைகள் வட்டந்தோறும் தோன்றின.

இரண்டாவது, விளைந்ததை விற்கும் உரிமை. இதன் வரலாறு கவனிக்கத்தக்கது. 1980இல் உழவர்கள் நேரடியாக விற்கும் சந்தைகளை அரசு அனுமதித்தது. இடைத்தரகர்கள் கொழுக்கிறார்கள் என்று 1986இல் அவற்றை மூடிவிட்டது. துன்பம் முற்றிய பின், 1994 அக்டோபரில் சந்தைகள் மீண்டும் திறக்கப்பட்டன. கீரை வளர்ப்பவன் தன் தோட்டத்து வாயிலிலேயே ஒரு மேசையிட்டு, காலையில் பறித்ததை அக்கம்பக்கத்தாருக்கு விற்றான். வண்டியும் வேண்டியதில்லை, எண்ணெயும் வேண்டியதில்லை. ஹவானாவின் கீழ்ப்புறத்தில் அடுக்கு வீடுகள் நிறைந்த அலமார் என்னும் குடியிருப்பு இருக்கிறது. அங்கே 1997இல் சிலர் கூடித் தொடங்கிய கூட்டுறவுத் தோட்டம், பின்னர் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது.

நேயர்களே, புகழ்ச்சியில் உண்மையை மறந்துவிடலாகாது. இத்தோட்டங்கள் காய்கறியும் கீரையும் தந்தன. அரிசியையும் கோதுமையையும் தரவில்லை. கியூபா தன் உணவில் பெரும்பகுதியை இன்றும் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. வீணாகக் கிடந்த நிலங்களை உழவர்களுக்குக் கொடுக்க 2008இல் மீண்டும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. 2020க்குப் பிறகு தட்டுப்பாடு திரும்பவும் அந்நாட்டை வாட்டிற்று. ஆகவே, பாத்தி ஒரு நாட்டைக் காத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. காலை உணவுக்குப் பின் மதிய உணவு எங்கே என்று கலங்கிய நகரத்தில், தெருமுனையிலேயே ஒரு கட்டுக் கீரை கிடைத்தது என்பதையே சொல்கிறேன். அக்கட்டுக் கீரையின் அருமை, பார்வை மங்கியவர்களைக் கண்ட மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

அங்கு நடந்ததற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஹவானாவின் சந்தைகள் மீண்டும் திறந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், 1999 நவம்பர் 14ஆம் நாள் எங்கள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. உழவரே தராசைப் பிடித்து விற்கும் அந்த ஏற்பாடு பின்னர்த் தமிழகமெங்கும் பரவிற்று. விற்கும் உரிமை என்னும் இரண்டாவது படியை நாமும் அறிந்திருக்கிறோம். நகரத்தின் உள்ளும் ஓரத்திலும் பயிரிடுவோருக்கு நிலத்தின் மீதுள்ள பிடிப்பு என்னும் முதற்படியைப் பற்றியோ நாம் அதிகம் பேசுவதில்லை.

எங்கள் தெருவுக்குப் பல்லாண்டுகளாகக் கீரை கொண்டுவரும் மூதாட்டி ஒருவர் உண்டு. குத்தகைக்கு எடுத்த சிறு நிலத்தில் அவரே பயிரிட்டு, விடியுமுன் பறித்து, தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார். இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நானும் அவரிடம் பேரம் பேசியவன்தான். சென்ற மாதம் அவர் கூடையை இறக்கிவைத்து, “ஐயா, இன்னும் ரெண்டு பயிர்தான். அதுக்கப்புறம் அங்கே வீடு கட்டப் போறாங்களாம்” என்றார். எவரையாவது கேட்டீர்களா என்றேன். “யாரைப் போய்க் கேட்கிறது, ஐயா?” என்றார். எங்கள் பள்ளித் தோட்டம் போன நாளில் நான் கேளாமல் விட்ட கேள்வியும் அதுவே.

நகரத்துக்குள் நீர் தேங்கும் பள்ளங்களும், கட்டடம் எழாத பொதுமனைகளும், பள்ளிகளின் பின்புறங்களும் இன்றும் இருக்கின்றன. பஞ்சம் வந்து கதவைத் தட்டிய பிறகு அவற்றைத் தேடிப் போனது ஹவானா. அந்தப் பஞ்சம் வருமுன்னரே அவற்றுள் சிலவற்றைப் பயிரிடுவோருக்கு எழுத்து மூலமாக ஒதுக்கித் தருமாறு நம் நகராட்சிகளையும் பள்ளி நிர்வாகங்களையும் நாம் கேட்கலாம். நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் விண்ணப்பத்தை அந்த மூதாட்டிக்காக எழுதி, அவருடைய கைந்நாட்டோடு சென்ற வாரம் சேர்ப்பித்தேன். அன்று வாங்கிய கீரைக்குப் பேரம் பேசவில்லை.