'இ.ஓ.டி.'க்குள் அனுப்பணும் என்றால், யாருடைய நாள் முடிவதற்குள்?

ஆஃபீஸ் சாட்டில் மேனேஜர் 'ரிப்போர்ட் பை இ.ஓ.டி.' என்று போட்டுவிட்டுக் காணாமல் போய்விடுகிறார். 'எண்ட் ஆஃப் டே', அதாவது நாள் முடிவதற்குள். சரி, யாருடைய நாள்? உங்களுக்குச் சென்னையில் மாலை 6 மணி ஆகும்போது நியூயார்க்கில் இருக்கும் கிளையன்ட் அப்போதுதான் காலை காபியைக் கையில் எடுத்திருப்பார். 'சி.ஓ.பி.', அதாவது 'க்ளோஸ் ஆஃப் பிசினஸ்' என்பதிலும் இதே சிக்கல்தான். "இன்னிக்கு நம்ம டைம் 7 மணிக்குள் போதுமா?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

'ஐ.எஸ்.டி.' இன்னும் மோசம். நமக்கு அது இந்திய நேரம். டப்ளினில் இருப்பவருக்குக் கோடைக்காலத்தில் அதுவே ஐரிஷ் நேரம். இரண்டுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். மீட்டிங் அழைப்பில் ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதினால் பிழைத்தீர்கள்.

இப்படிக் குழம்புவது நாம் மட்டும் இல்லை. பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரன், மெசேஜ் முடிவில் சில சமயம் 'எல்.ஓ.எல்.' போடுவாராம். 'லாட்ஸ் ஆஃப் லவ்' என்று நினைத்திருக்கிறார்! அது 'லாஃபிங் அவுட் லவுட்', வாய்விட்டுச் சிரிப்பது என்று தானே அவருக்குச் சொன்னதாக, பத்திரிகை நிர்வாகி ரெபெக்கா புரூக்ஸ் 2012-ல் லெவிசன் விசாரணையில் தெரிவித்தார். இரங்கல் செய்திக்குக் கீழே இதைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

'ஓ.எம்.ஜி.' நம் தலைமுறை கண்டுபிடித்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜான் ஃபிஷர் 1917-லேயே சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. ஆனால் இந்தச் சுருக்கங்கள் பெருகியதில் எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு மெசேஜுக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்துதான்; தமிழில் அடித்தால் 70 குறியீடுகளிலேயே இடம் தீர்ந்துவிடும்.

மற்றவை சுலபம். 'பி.எஃப்.ஏ.' என்றால் ஃபைல் இணைத்திருக்கிறேன் (அனுப்பும் முன் நிஜமாகவே இணைத்தீர்களா, பாருங்கள்). 'ஓ.ஓ.ஓ.' என்றால் ஆள் லீவு. 'டி.எல்.டி.ஆர்.' என்றால் நீளமான விஷயத்தின் சுருக்கம். 'எஃப்.ஒய்.ஐ.' என்றால் உங்கள் தகவலுக்கு, ஆனால் வாக்குவாதத்தின் நடுவில் போட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்று குத்துவது போல் ஆகிவிடும். லிங்க் பக்கத்தில் 'என்.எஸ்.எஃப்.டபிள்யூ.' என்று இருந்தால் ஆஃபீஸ் லேப்டாப்பில் தொடவே தொடாதீர்கள்: 'நாட் சேஃப் ஃபார் வொர்க்'. ஸ்கிரீன் ஷேர் ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.